லாசருக்கு எடுத்த வேட்டி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. வாசலோரம் இருப்பவர்களும் பாயின் நடுவுக்கு நகர்ந்து உட்காருங்கள், இந்தக் கதையைக் கத்திச் சொல்ல முடியாது. ஒரு மாப்பிள்ளையின் கதை. வேட்டி எடுத்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று, மாப்பிள்ளையை மட்டும் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மாப்பிள்ளை.

பினாங்குக்குக் கொஞ்ச தூரத்தில், புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே அக்னஸ் என்று ஒருத்தி இருந்தாள். ஆயாக் கொட்டகையில் வேலை. தாய்மார் பால்வெட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாகச் சுருள் கம்பிகள் தொங்கும், ஒவ்வொரு கம்பியிலும் ஒரு கைலித் தொட்டில், ஒவ்வொரு தொட்டிலிலும் ஒரு பிள்ளை. அவள் புருஷன் அந்தோணிதாஸ் தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவர். வண்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வீட்டிலும் அதே குரல்தான்.

இவர்களுக்கு ஒரே மகள், பேட்ரிசியா. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்தவள். சுங்கைப் பட்டாணியில் கன்னிமார் நடத்தும் பள்ளியில் படித்து, உபகாரச் சம்பளம் கிடைத்து, ஸ்காட்லாந்து வரைக்கும் போய்விட்டாள். என்ன படிக்கிறாள் என்று கேட்டால் அந்தோணிதாஸ், "நட்சத்திரத்துக்கு டாக்டரு" என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்னஸுக்கு அவ்வளவுகூடத் தெரியாது. மகள் திரும்பி வரவேண்டும், தன் கண்ணெதிரே இருக்கவேண்டும், அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் போட்டு வையுங்கள். அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். 'அது' என்பார்கள். 'அது சாப்பிட்டுச்சு.' 'அது இன்னும் வரல.' மரியாதைக் குறைவில்லை, வெட்கம். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும் அக்னஸுக்கு அந்தோணிதாஸ் 'அது'தான்.

தோட்டத்தில் போன் கிடையாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலத்தில், சுங்கைப் பட்டாணியில் பஷீர் பாயின் ஜவுளிக்கடைக்குப் பேட்ரிசியா கூப்பிடுவாள். எண்பத்திரண்டாம் வருஷம், மழைக்காலம். வெளியே பேய்மழை. போனுக்குள்ளேயும் மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல்.

"அகத்தா அக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்கடி," என்று அக்னஸ் கத்தினாள். "அவங்க மகன் லியோனார்டு பேங்குல கிராணி வேலை. நல்ல புள்ள. நீ கிறிஸ்மஸுக்கு வர்றப்ப நிச்சயம் பண்ணிடலாமா?"

"ஐயோ அம்மா, இப்ப அதெல்லாம் பேசாதீங்க. லேசரை விட்டுட்டு நான் எப்படி அங்க வந்து உக்கார்றது?"

"யாரை விட்டுட்டு?"

"லேசரைம்மா, லேசரை! நான் பக்கத்துல இல்லன்னா அது ஒரு நிலையில நிக்காது. காலையில போனா பொழுதுக்கும் அது கூடத்தான் இருக்கேன்."

"தனியாவாடி?"

"ஆமா, நானும் அதுவுந்தான்..."

கொர்ர்ர் என்று ஒரு சத்தம். லைன் அறுந்துவிட்டது.

அக்னஸ் ரிசீவரை வைத்துவிட்டு, அடுக்கியிருந்த துணிக்கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். வேதத்தில் ஒரு லாசர் வருவார் அல்லவா, செத்து நான்காம் நாள் ஆண்டவர் கூப்பிட்ட குரலுக்குக் கல்லறையை விட்டு எழுந்து வந்தாரே, அவர். அந்தப் பேர் வைத்த ஆண்பிள்ளைகள் அவர்கள் கோயில் பங்கிலேயே இரண்டு மூன்று பேர் உண்டு. அவள் காதில் விழுந்தது லாசர். அதோடு சேர்ந்து விழுந்தது அந்த 'அது.' கல்யாணமாகாத பெண் ஒருத்தரை 'அது' என்கிறாள் என்றால், தாய்க்கு வேறென்ன விளங்கும்?

"என்னக்கா, முகமே வெளுத்துப் போச்சு?" என்றார் பஷீர் பாய்.

"பாய், என் மக அங்க ஒருத்தரைப் பாத்துட்டா."

"வெள்ளைக்காரனா?"

"லாசர்னு பேரு."

"அட, அப்ப நம்ம ஆளுதான்லா! எதுக்குக் கலங்குறீங்க? நல்லா நாலு பேருக்குச் சொல்லுங்க."

கடுதாசி போட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இதெல்லாம் கடுதாசியில் கேட்கிற விஷயமா? நேரில் வரட்டும், முகத்தைப் பார்த்துக் கேட்போம் என்று அக்னஸ் இருந்துவிட்டாள். இருந்தாளே தவிர மனது சும்மா இருக்கவில்லை. லாசரோடு அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டால் மகள் திரும்புவாளா? வருகிற பையனை நன்றாகக் கவனித்து, நல்ல வேட்டி கட்டிவிட்டு, கோழி அடித்துப் போட்டு, இந்த ஊரிலேயே ஒட்ட வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். அடுத்த ஞாயிறே பஷீர் பாய் கடையில் பட்டு வேட்டி ஒன்று எடுத்தாள்.

"ஆளு உயரமாக்கா?"

"தெரியல பாய். பெருசாவே குடுங்க."

பிறகு அகத்தா வீட்டுக்குப் போய், பட்டென்று சொல்லவும் முடியாமல், காப்பியை ஆற்றி ஆற்றி, கடைசியில் சொல்லிவிட்டாள். அகத்தாவுக்குச் சுருக்கென்றது.

"என் பையன்ல என்ன குறையக் கண்டீங்க? கையில்லையா, காலில்லையா?"

"குறையே இல்லக்கா. பொண்ணு அங்கயே ஒருத்தரைப் பாத்துட்டா. நான் என்ன செய்ய?"

"சரி. கிறிஸ்மஸ் பூசைக்கு அந்த லாசரைக் கூட்டிக்கிட்டு வாங்க. என் பையனை விட எந்த விதத்துல ஒசத்தின்னு நானும் பாக்கறேன்."

டிசம்பர் மாதம், ஒரு நடுப்பகல், பினாங்கிலிருந்து டாக்சி வந்து அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்றது. பேட்ரிசியா இறங்கினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கொஞ்சம் வெளுத்திருந்தாள். அக்னஸ் மகளைக் கட்டிப்பிடித்தாள். பிடித்தபடியே அவள் தோளுக்கு மேலாக டாக்சிக்குள் எட்டிப் பார்த்தாள். டிரைவர் ஒருவர்தான் இருந்தார், அவரும் சீனர்.

"லாசர் வரலையா?"

"லேசரா?" என்று பேட்ரிசியா சிரித்தாள். "அதை எப்படிம்மா கூட்டிக்கிட்டு வர்றது?"

பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அதற்குள் வந்துவிட்டாள். அவளும் ஆயாக் கொட்டகையில்தான் வேலை. "ஏன், உடம்புக்கு முடியலையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு அத்தை. ஆனா அதுக்குக் கொஞ்சம் சூடு அதிகம். எப்பவும் மேல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும்."

அக்னஸ் நெஞ்சில் கைவைத்தாள். "காய்ச்சலா?"

"பாக்க எப்படிம்மா?" என்றார் அந்தோணிதாஸ். "உயரமா?"

"நம்ம சாப்பாட்டு மேசை நீளம் இருக்கும்பா."

"குட்டைதான்," என்றாள் பாப்பம்மா. "நெறம்?"

"பச்சை."

டாக்சி டிரைவர் கூடப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், அவருக்கு என்ன விளங்கியதோ.

"பச்சையா?" என்றார் அந்தோணிதாஸ்.

"நல்ல பச்சைப்பா. வாழைக்குருத்து வெயில்ல தெரியுமே, அப்படி. லேசர்னா வெளிச்சம்பா. மெஷின்ல இருந்து வர்ற வெளிச்சம். ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?"

அந்தோணிதாஸ் முதலில் மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார், பிறகு வீட்டுக்குள் அலமாரி மேல் மடிப்புக் கலையாமல் இருந்த பட்டு வேட்டியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிற்க முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அக்னஸு, உன் மருமவன் சுவிச்சுப் போட்டாத்தான் வருவாரு!"

அக்னஸ் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய், கொதிக்காத குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள். ஊருக்கு என்ன பதில் சொல்வது என்பது ஒன்று. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. மனிதனாக இருந்தால் பேசி, கெஞ்சி, சோறு போட்டு வசப்படுத்தலாம். ஒரு வெளிச்சத்தை என்ன செய்வது?

பின்னாலேயே வந்த மகளிடம் திரும்பாமலே சொன்னாள். "ஆளுன்னா ஒரு ஞாயம் இருக்கு. மெஷினுக்கு வேற யாரையாச்சும் போட்டுக்குவாங்க. நீ திரும்பிப் போக வேணாம்."

"அம்மா, ஜனவரியில நான் போகணும். இன்னும் மூணு வருஷ வேலை இருக்கு. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"கேட்டுட்ட. நான் சொல்லிட்டேன்."

"நீங்க போயிட்டு வான்னு சொல்லாம நான் போக மாட்டேன். அது உங்களுக்கே தெரியும்," என்றாள் பேட்ரிசியா. குரலில் கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அக்னஸுக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அக்னஸ் வேலைக்குப் போனபோது பேட்ரிசியாவும் கூடப் போனாள். பிள்ளைகளெல்லாம் தூங்கிப்போன முற்பகல். அப்போது ரப்பர்ப் பால் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போகிற லோரி கொட்டகையை ஒட்டிக் கடந்தது. பலகைச் சுவர் அதிர்ந்தது, ஆணியில் மாட்டியிருந்த டின் குவளைகள் கலகலத்தன. தொட்டில்கள் மட்டும் அசையவில்லை. சுருள் கம்பி அந்த அதிர்ச்சியையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. ஒரு பிள்ளையும் முழிக்கவில்லை.

பேட்ரிசியா அண்ணாந்து அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கடைசியில் காலியாகத் தொங்கிய தொட்டிலை விரலால் லேசாகத் தள்ளினாள்.

"ஏய், வெறுந்தொட்டிலை ஆட்டாதடி!" அக்னஸ் ஓடிவந்து இரண்டு கையாலும் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினாள். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்தக் கொட்டகையில் சட்டம். பெரிய துரையே வந்து ஆட்டினாலும் அக்னஸ் விடமாட்டாள்.

பேட்ரிசியா தாயின் கைகளைப் பார்த்தாள். "அம்மா," என்றாள் மெதுவாக, "அங்க என் வேலையே இதுதாம்மா."

"எது?"

"வெறுந்தொட்டில் ஆடாமப் பாத்துக்கறது."

அக்னஸ் விடாமல் முறைத்தாள். ஆனால் காது அங்கேதான் இருந்தது.

"லேசர் வெளிச்சம் டார்ச்சு லைட்டு மாதிரி பரவாதும்மா, கோடு போட்ட மாதிரி போகும். அதை ரெண்டாப் பிரிச்சு, காத்தே இல்லாத ரெண்டு குழாய்ல விடுவோம். ஒண்ணு இந்தச் சுவர் பக்கமாப் போகுதுன்னா, இன்னொண்ணு அந்தச் சுவர் பக்கமா. ஒவ்வொண்ணு கடைசியிலயும் ஒரு கண்ணாடி. வெளிச்சம் அதுல முட்டித் திரும்பி வந்து, ரெண்டும் ஒண்ணாச் சேரும். சேர்ற இடத்துல ஒண்ணை ஒண்ணு அணைச்சு இருட்டாகற மாதிரி நாங்க சரி பண்ணி வெச்சிருப்போம். குழாயோட நீளம் துளி மாறினாலும் போதும், அந்த இருட்டுல வெளிச்சம் எட்டிப் பாக்கும்."

"நீளம் எப்படிடி மாறும், ரப்பரா?"

பேட்ரிசியா துவைத்து வைத்திருந்த கைலி ஒன்றை எடுத்து ஒரு முனையை அம்மாவிடம் கொடுத்தாள். "கோணலா இழுங்க. பாத்தீங்களா, இந்தப் பக்கம் நீளுது, அந்தப் பக்கம் சுருங்குது. வானத்துல ரொம்பத் தூரத்துல, செத்துப்போன நட்சத்திரம் ரெண்டு ஒண்ணை ஒண்ணு சுத்திச் சுத்திக் கடைசியில மோதிக்கிட்டா, அந்த அதிர்ச்சி குளத்துல கல்லு போட்ட மாதிரி அலையாக் கிளம்பி வரும். ஈர்ப்பு அலைன்னு பேரு. அது கடந்து போறப்ப எல்லாமே இந்தத் துணி மாதிரி ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் சுருங்கும். கொட்டகை, மரம், நீங்க, நான், எல்லாமே."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"யாருக்குமே தெரியாதும்மா. ஒரு தலைமுடியைக் கோடிகோடியாப் பிரிச்சா வர்ற அளவுகூட இருக்காது. அதனாலதான் கண்ணாடிங்களைக் கம்பியில தொங்க விட்டிருக்கோம், இதே மாதிரி. வெளிய லோரி போனா தெரியக்கூடாது. கதவைச் சாத்தினா தெரியக்கூடாது. நான் எல்லாருக்கும் ஷ்ஷ், ஷ்ஷ்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்."

"ஷ்ஷுன்னு சொல்லவா சீமைக்குப் போன?" என்று பாப்பம்மா மூலையிலிருந்து கேட்டாள். "அதை இங்கயே சொல்லலாம்லா. சம்பளமும் குடுக்கறாங்க."

அக்னஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "சரி, அந்த அலை இதுவரைக்கும் ஒரு தடவையாச்சும் வந்துச்சா?"

"இல்லம்மா."

"வருமா?"

"வரும். ஆனா எங்க மெஷினுக்கு அது கேக்குமான்னு தெரியாது. இதைவிடப் பெருசா, மைல் கணக்குல கட்டணும்னு சொல்றாங்க. அதுக்குத்தான் இப்ப பழகுறோம். நான் கெழவியானப்புறம் வந்தாலும் வரும். எனக்கப்புறம் வந்தாலும் வரும்."

"பின்னே எதுக்குடி?" அக்னஸுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "வராததுக்காக எதுக்குடி அங்க போய்க் காவல் இருக்கே?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. யாரோ தன்னிடம் சொன்ன வார்த்தை அல்லவா அது? யாரோ என்ன, இதோ மூலையில் உட்கார்ந்து கைலி மடிக்கிறாளே, இந்தப் பாப்பம்மா சொன்னதுதான். பேட்ரிசியா பிறப்பதற்கு ரொம்ப காலம் முன்னே, அந்தோணிதாஸ் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு சுருள் கம்பி வாங்கிவந்து வீட்டு உத்தரத்தில் மாட்டினார். பிள்ளை உண்டாகவே இல்லை, அதற்குள் கம்பி. லயமே சிரித்தது. வருஷம் போனது, கம்பியில் துருப் பிடித்தது, அக்னஸ் தேங்காயெண்ணெய் தொட்டு அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். காற்றில்கூட அது ஆடாமல் கயிறு போட்டுக் கட்டி வைத்தாள். 'வராததுக்கு எதுக்குடி காவல் இருக்கே?' என்று ஒருநாள் பாப்பம்மா கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். அதற்கு அக்னஸிடம் பதில் இருக்கவில்லை. பதில் வந்தபோது மூன்று கிலோகூட இல்லை, அழுதுகொண்டு வந்தது.

பாப்பம்மாவும் கைலி மடிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது போலும். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வரிசையில் ஒரு பிள்ளை சிணுங்கியது. அக்னஸ் எழுந்து போனாள்.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம். புதுச் சேலை வாசனை, பிள்ளைகள் கையில் பலூன். அகத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அக்னஸிடம் வந்தாள்.

"எங்க உங்க லாசரு?"

பக்கத்திலிருந்த நாலு தலை திரும்பியது. பேட்ரிசியா வாயைத் திறக்கப் போனாள், அக்னஸ் அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"லாசர் வரலக்கா. அது ஆளே இல்ல. லேசர்னு ஒரு வெளிச்சமாம், மெஷின்ல வர்றது. எனக்குப் போன்ல லாசர்னு விழுந்துச்சு. இவ வேற அதை 'அது, அது'ன்னாளா, நான் புருஷன்னு நெனச்சுப் பட்டு வேட்டியே எடுத்துட்டேன்."

அகத்தா ஒரு கணம் முறைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் தலையில் போட்டிருந்த முக்காடு நழுவி விழுந்தது. "அடிப்பாவி மகளே! ஒரு லைட்டுக்காகவா என் புள்ளையை வேணாம்னே?" கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்ரிசியாவின் கன்னத்தைத் தொட்டாள். கோபமெல்லாம் சிரிப்போடு போய்விட்டது. "அப்ப பொண்ணு சும்மாத்தானே இருக்கா? லியோனார்டும் சும்மாத்தான் இருக்கான். அதோ நிக்கிறான் பாரு. இன்னைக்கே பேசி முடிச்சிடுவோம். சுங்கைப் பட்டாணியிலயே வீடு. உனக்கு ஒரு பஸ்சு தூரம்."

ஒரு பஸ் தூரம்! எத்தனை வருஷமாக அக்னஸ் கேட்டுக்கொண்டிருந்தது, கையில் வைத்துக் கொடுக்கிறார்கள். பேட்ரிசியா கொடுத்த வார்த்தையை மீறமாட்டாள். அக்னஸ் தலையை ஆட்டினால் போதும். அந்தோணிதாஸ் கூட எதுவும் கத்தாமல் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்னஸ் மகளைப் பார்த்தாள். பேட்ரிசியாவின் விரல்கள் அவள் கைக்குள் இருந்தன, கொஞ்சமும் அசையாமல்.

"இல்லக்கா," என்றாள் அக்னஸ். "லியோனார்டு தங்கமான புள்ள, நல்ல எடமா அமையும். ஆனா எம்பொண்ணு சும்மா இல்ல. அங்க ஒரு வெறுந்தொட்டிலைப் பாத்துக்கிட்டு இருக்கா. ஆள் இல்லாம விடக்கூடாது. ஜனவரியில நானே போயி பிளேன் ஏத்தி விடப்போறேன்."

அகத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேட்ரிசியாவுக்கு விளங்கியது. கோயில் வாசல் என்றும் பாராமல் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஜெராய் மலை கூடவே வந்தது. அக்னஸ் திடீரென்று கேட்டாள். "அந்த நட்சத்திரம் செத்துப்போனதுன்னா சொன்ன?"

"ஆமாம்மா. எரிஞ்சு முடிஞ்சு செத்தது."

"செத்ததோட சத்தம் கேக்கணும்னா லாசரைத்தானே வைக்கணும்? நான் சொன்ன பேருதான் சரி."

"வேட்டி எடுத்ததும் சரிதான்," என்றார் அந்தோணிதாஸ், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அந்த வேட்டி எங்கே போனது தெரியுமா? ஜனவரியில் அக்னஸ் அதை மகளின் பெட்டியில் அடியில் வைத்தாள், ஊறுகாய் போத்தலுக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவில். "மெஷினு மேல போத்தி வை. குளிருல கெடக்குமே," என்றாள். சூடான மெஷின் என்று மகள் ஏற்கெனவே சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது. மகளும் நினைவூட்டவில்லை.

மார்ச் மாதத்து ஞாயிறு. பஷீர் பாய் கடையில் போன் அடித்தது. அன்றைக்கு லைன் தெளிவாக இருந்தது.

"அம்மா, வேலை முடிஞ்சதும் தூசி படாம லாசருக்கு வேட்டி போத்திடறேன். இங்க எல்லாரும் இப்ப அதை லாசர்னுதான் கூப்பிடறாங்க. எங்க புரொபசரே காலையில வந்து, 'லாசர் எழுந்தாச்சா'ன்னு கேக்கறாரு."

அக்னஸ் சிரித்தாள். சிரித்துவிட்டு, பிள்ளை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அலை வந்துச்சாடி?"

"இன்னும் இல்லம்மா."

"வரும். நீ தொட்டிலை ஆடாமப் பாத்துக்க. அவசரப்படுத்தாத. நல்லாச் சாப்பிடு."

"ஷ்ஷ்," என்றாள் அக்னஸ், கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து. "எம்பொண்ணு பேசுறா." கடையே அடங்கிவிட்டது.

அவ்வளவுதான் கதை. எழுந்து போங்கள் கண்ணுகளா, போய் அவரவர் வீட்டில் நன்றாக இருங்கள். உங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்கும் தொட்டில் நிறையட்டும். நிறையாத தொட்டிலின் கம்பியிலும் துருப் பிடிக்காமல் இருக்கட்டும். தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளையின் குரல் இரைச்சலில்லாமல் உங்கள் காதுக்கு வந்து சேரட்டும். நீங்கள் காத்திருப்பது எதுவோ, அது தன் நேரத்தில், உங்கள் வாசலுக்கே வரட்டும்.